முனீஸ்வரி திறக்காத கதவும் ஷஹீனா டீச்சரும்

பரளச்சியில் கரிமூட்டம் போட்டு, லாரி லாரியாய் விறகுக்கரி அனுப்பித் தனியாளாய் மேலே வந்தவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனாலும் இந்த ஊரில் இங்கிலீஷ் டியூஷன் நடக்குதென்றால் அது என் குடோன் முன்னறையில்தான். வெள்ளையடித்து, லைட்டு போட்டுக் கொடுத்தது நான். பாடம் ஷஹீனா டீச்சரோடது. அவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தினமும் சாயங்காலம் வீரசோழனில் இருந்து பஸ்ஸில் வருவாக. வீட்டுக்காரர் துபாயில். மாமியார் மீரான் பீவி, "மூணு மாசம் பாப்போம். பிள்ளைக நெலச்சு வந்தா போ, இல்லேன்னா வீட்டோட இரு" என்று கெடு வைத்திருந்தாக. கெடுவில் பத்து நாள் பாக்கி இருக்கும்போதுதான் வில்லங்கம் வந்தது.

டீச்சரிடம் மனப்பாடம் கிடையாது. "நேத்து உங்க தெருவுல நடந்ததைப் பத்து வரி எழுதுங்க. எல்லாம் இறந்தகாலத்துல" என்பாக. அப்படி எழுதச் சொன்ன ஒரு நாளைக்கு முந்தின நாள்தான் ஊரில் மழைக்கஞ்சி. மழை பொய்த்தால் பொம்பளைக வீடு வீடாய்க் கஞ்சி வாங்கி, ஒரே அண்டாவில் ஊற்றி, ஊர் எல்லையில் வைத்து எல்லாரும் குடிப்போம். எந்த வீடும் இல்லை என்று சொல்லக் கூடாது. பால்சாமி மகன் மதன்குமார், ஊற்றினவர்களை எல்லாம் எழுதிவிட்டு, 'முனீஸ்வரி அத்தை உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை' என்று முடித்துவிட்டான். வீட்டில் போய் அதைத் தமிழிலும் சொல்லிக் காட்டியிருக்கிறான். தெருவே பேசியது.

மறுநாள் முனீஸ்வரி வந்துவிட்டாள். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

"இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கச் சொன்னா, எங்க வீட்டை எட்டிப் பாக்கச் சொல்லிக்குடுக்கிறீகளா? நாளையிலருந்து எங்க தெருப் பிள்ளை ஒண்ணும் வராது."

அந்தத் தெரு போனால் மிச்சம் நாலே பிள்ளைகள். டீச்சர் முகம் வெளுத்துப்போனது. நான் ஒரு அதட்டல் போட்டால் அடங்கியிருக்கும். லாரி டிரைவர்களை அடக்கிய தொண்டை இது. வாயைத் திறந்தேன். "ஐயா, நீங்க இருங்க" என்று என்னையே உட்கார வைத்துவிட்டாக.

பிறகு மதன்குமாரிடம், "அத்தை ஏன் திறக்கலைன்னு கேட்டியாப்பா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப இது பாதிக் கதை. மிச்சம் அத்தைகிட்ட இருக்கு." தன் நாற்காலியை முனீஸ்வரிக்கு இழுத்துப் போட்டாக. "சொல்லுங்கக்கா, பிள்ளைக எழுதிக்கிரட்டும்."

முனீஸ்வரி முந்தானையைத் திருகினாள். "காச்சித்தான் வச்சிருந்தேன். மருமகன் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாரு. நான் கொல்லையில கோழி பிடிச்சிட்டு வாரதுக்குள்ள அம்புட்டுக் கஞ்சியையும் குடிச்சிட்டாரு. வாசல்ல அண்டாவோட நிக்காக. மருமகன் குடிச்சுத் தீத்துட்டாருன்னு நான் எப்படிச் சொல்ல?"

"சட்டி முழுக்கவுமா யக்கா?" என்றார் கூட வந்திருந்த பால்சாமி.

"வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வந்த மனுசன்."

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். கடைசியில் முனீஸ்வரியும்தான். மதன்குமார் திருத்தி எழுதி வாசிக்க, டீச்சர் தமிழில் சொன்னாக. முனீஸ்வரி குறுக்கே விழுந்தாள்: "அவருக்கு அது மழைக்கஞ்சின்னு தெரியாது. அதையும் போடச் சொல்லுங்க." போட்டார்கள்.

கெடு முடிந்த அன்றைக்கு மீரான் பீவியே பஸ் ஏறி வந்து தலையெண்ணிப் பார்த்தாக. பதினேழு இருந்த இடத்தில் இருபத்தொன்று. ஒன்று முனீஸ்வரி பேத்தி ஜெகதீஸ்வரி. "எங்க வீட்டுக் கதைய இனிமே எங்க வீட்டுப் பிள்ளையே எழுதட்டும்" என்று கொண்டுவந்து விட்டிருந்தாள்.

அறை பத்தவில்லை. கரிமூட்டைகளை நகர்த்தி இன்னொரு பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.