சாணி கரைத்தவள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நகரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் பூசணம் பூத்துவிடும். தஞ்சாவூரை ஒட்டி, முன்பு வயலாக இருந்த இடம். ஈரத்தைப் போகச் சொன்னால் அது எங்கே போகும்? போன மழையில் எங்கள் தெருப் பெண்கள் கூடி, இனி ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், இயற்கை முறையிலேயே வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். எனக்கும் அந்த ஆசிட் நெடி ஆகாது. சுண்ணாம்பு, வேப்பிலை, உமிச் சாம்பல் என்று நானும் நாலு யோசனை சொன்னேன். அப்போது எதிர்வீட்டு அம்மா, "அந்தக் காலத்துல சாணி தெளிச்சே எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தாங்க பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெளித்தவர்களை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கரைத்தவர்களை ஒருத்தருக்கும் தெரியவில்லை. கரைத்தவள் நான்.

என் சின்ன வயசில் எங்கள் குடிசை பண்ணை வீட்டாரின் நிலத்தில் இருந்தது. அதற்கு வாடகை என்று அவர்கள் கேட்டதே இல்லை. கேட்காமலே வாங்கிக்கொண்டார்கள். தினமும் விடிந்ததும் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி போய் மாட்டுக்கொட்டகையை அள்ளி, வாசலையும் கொல்லையையும் கூட்டி, வாளியில் சாணி கரைத்து வைக்க வேண்டும். தெளிப்பது மட்டும் அவர்கள் வேலை. அம்மா இருபது வருஷம் இதைச் செய்தாள். நான் பத்தாவது முடித்த வருஷம், நடவில் நின்று நின்று அவள் காலில் சேற்றுப்புண் வந்துவிட்டது. நடக்க முடியவில்லை. அவளுக்குப் பதிலாக நான் போனேன்.

மழைக்காலத்தில் அந்த வீட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். கொல்லைத் தளத்தில் பாசி வழுக்கும். செங்கல் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். கிணற்றடி ஈரத்துக்கு உமிச் சாம்பலைக் கொட்டி, ஊறியதும் கூட்டி அள்ளுவேன். நெல் அறைக்கென்று சுண்ணாம்புக் கட்டியைச் சட்டியில் போட்டுத் தருவேன். அது அறையின் ஈரத்தையெல்லாம் குடித்துப் பொடிந்துபோகும். எல்லாம் சுத்தமான இயற்கை. என் விரலிடுக்கு வெடித்து ரத்தம் கசிந்ததும் இயற்கைதான். சட்டியைக் கொல்லைச் சுவரோரம் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் சாதிக்காரர்கள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

ஒருநாள் விளக்குமாற்றை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். வீட்டம்மா நான் கரைத்து வைத்த வாளியிலிருந்து கொட்டாங்கச்சியில் மொண்டு, நான் நின்றிருந்த இடத்தில் தெளித்துக்கொண்டிருந்தார். என் தீட்டுப் போவதற்காக. முழங்கை வரைக்கும் கையை விட்டு நான் கரைத்த சாணி அது. நான் நின்ற இடம் தீட்டு, என் கை அளைந்த தண்ணீர் தீட்டில்லை. 

குடிசைக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும்டி. மனை அவங்களுது. வாயத் தொறந்தா எங்க போயி குடிசை போடறது?"

கார்த்திகையில் அந்த மனை எங்களுடையதானது. குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்களோடு தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து அம்மா பேருக்குப் பட்டா வாங்கினோம். இனி வாசல் வேலை இல்லை என்று நான் குதித்தேன். மறுநாளே பண்ணை வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பட்டா வாங்கினாலும் வாசலுக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் தை அறுப்புக்கு நாங்கள் அவர்கள் வயலில் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் பாதி வயல் அவர்களுடையது. அறுப்பில் கிடைக்கும் கூலி நெல்லில்தான் எங்கள் அடுப்பு எரியும். அம்மா என்னிடம், போய்விட்டு வா என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் பண்ணை வீட்டார்மேல்கூட வந்ததில்லை. ஆனாலும் போனேன்.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வேண்டிய சமயம். நெல் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் ஏறியிருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து, உள்வேலை பார்த்த பெண்ணுக்கு மூச்சிரைப்பு வந்து அவள் நின்றுவிட்டாள். வீட்டம்மா கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்து, பரவாயில்லை, உள்ளே வந்து தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். பெரிய மனசு! அத்தனை வருஷமாக அசையாத சாதி பூசணத்துக்கு வழிவிட்டுவிட்டது. நான் படியில் ஒரு காலை வைத்தும் விட்டேன். அறுப்பு ஞாபகம் வந்தது, அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் போனப்பறம் தெளிக்கணும்ல? நெல் அறையிலேருந்து கொல்லை வரைக்கும்னா ஒரு வாளி பத்தாதுங்கம்மா. எத்தனை வாளி கரைச்சு வெக்கட்டும்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. என்னைத் திட்டினார், எங்கள் தெருவைத் திட்டினார், பட்டா கொடுத்த சர்க்காரையும் விடவில்லை. நான் காலை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாணி கரைக்காமல் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த வாசலுக்குப் போகவில்லை.

சொன்னபடியே அறுப்புக்கு எங்களைக் கூப்பிடவில்லை. சங்கத்தார் பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. அம்மா ஆறாத காலோடு ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்கு அறுக்கப் போனாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நான் அந்த வீட்டில் கேட்டதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பயந்துக்கிட்டுதான் கேக்காம இருந்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்லடி. கேக்கணும்னே எனக்குத் தோணல."

அறுப்பு போனதைக்கூட மன்னித்துவிடலாம். என் அம்மாவுக்குக் கேட்கவே தோன்றாமல் செய்துவைத்தார்களே, அதை நான் மன்னிக்க மாட்டேன்.