இருபத்தாறாவது படத்துக்குக் கீழே

ஜெயபுரத்தில் யாருடைய போனிலாவது ஒரு இணையப் பக்கம் திறந்த கையோடு விழுந்துவிட்டால், "பரமண்ணையிட்டைக் கொண்டு போ" என்பார்கள். பரமலிங்கத்துக்கு அறுபத்துநான்கு வயது. கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. குளத்துத் துருசைத் திறந்து மூடி, வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பார்த்து ஓய்வு பெற்றவர். போன் என்ற சாமானைக் கையில் எடுத்ததே மனைவி அன்னபாக்கியம் போன பிறகுதான்.

போனும் அவளுடையதுதான். கனடாவில் இருக்கிற ஒரே மகள் பிரியந்தினி யாரோ வந்தவர்களிடம் கொடுத்து அனுப்பியது. மகள் கோல் எடுத்தால் தாய்தான் கதைப்பாள். பரமலிங்கம் முற்றத்தில் நின்று, "சுகமாமோ எண்டு கேள்" என்பார். அந்தப் பக்கம் சொல்லும் பதிலை அன்னபாக்கியம் இந்தப் பக்கம் சொல்லுவாள். அப்பனும் மகளும் பதினொரு வருடம் அப்படித்தான் கதைத்தார்கள்.

அன்னபாக்கியத்துக்குச் சிறுநீரகம் பழுதானபோது மகளுக்கு அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. வந்து கொள்ளி வைக்கிற இடத்தில் நிற்க முடியாதவள், இந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் செய்கிறதைச் செய்தாள். தாயின் பேரில் இணையத்தில் ஒரு நினைவுப் பக்கம் போட்டாள். வேலை முடிந்து வந்து மூன்று கிழமை கண் விழித்துச் செய்தது. முப்பத்தோராம் நாள் காலமை அதன் இணைப்பு வந்தது. கூடவே அவளுடைய குரலும் வந்தது.

"அப்பா, கடைசி மட்டும் இறக்கிப் பாருங்கோ. கடைசியிலை அம்மா கதைக்கிறா. ஒரு நிமிசம்தான். என்னட்டை இருந்தது அது ஒண்டுதான்."

சடங்குக்கு வந்த சனம் எல்லாம் போன பிறகு பரமலிங்கம் அதை அழுத்தினார். மேலே நீலச் சேலையில் அன்னபாக்கியம். அதற்குக் கீழே படங்கள். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக வந்தன. பதினோராவது படத்தில் திரை வெளுத்தது. அழுகிற முகம் மாதிரி ஒரு சின்னக் கீறல், ஏதோ பிழையாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் பதினொன்றில் வெளுத்தது.

அன்று பின்னேரம் மகள் எடுத்தாள்.

"பாத்தனீங்களோ அப்பா?"

கடல் கடந்து இருக்கிற பிள்ளையிடம் எங்கள் பக்கத்தில் யாரும் குறை சொல்லுவதில்லை. கூரை பறந்தாலும் "ஒரு குறையுமில்லை", காய்ச்சலில் கிடந்தாலும் "நல்ல சுகம்". பரமலிங்கத்தின் வாயிலும் அதுதான் வந்தது.

"ஓம் பிள்ளை, பாத்தனான். நல்லாய்ச் செய்திருக்கிறாய்."

"அம்மா கதைக்கிறதும்?"

"ஓமோம்."

பிறகு அவள் வேறு கதைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறை அனுப்பச் சொன்னால் சொன்னது பொய்யாகிவிடும். அந்த ஒரு "ஓமோம்" என்ற சொல்லுக்காக ஒரு வருடமும் எட்டு மாதமும் அவர் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டினார்.

மல்லுக்கட்டு என்றாலும் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. துருசு வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு கதவில் கை வைக்கக் கூடாது. ஒன்றைத் திருப்பு, நில், தண்ணீர் என்ன செய்கிறது என்று பார், எழுது, அதற்குப் பிறகு அடுத்தது. இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது பிழைத்தது என்று ஆயுசுக்கும் தெரியாது. பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் பரமலிங்கம் எழுதத் தொடங்கினார். முதல் நாள்: போனை நிப்பாட்டித் திரும்பப் போட்டது, பதினோராவது படம் வரை. அடுத்து: அன்னபாக்கியத்துக்குச் சனம் அனுப்பிய காலை வணக்கப் படங்கள், வீடியோக்கள் அழித்து இடமாக்கினது, பதினைந்து. அவள் தங்கைக்கு அனுப்பிய படங்களை மட்டும் அழிக்க மனம் வரவில்லை; அதையும் எழுதி வைத்தார். கிளிநொச்சி டவுனுக்குப் போய், போன் கடைக்காரரின் வைபையில் பிரவுசரைப் புதுப்பித்தது, பத்தொன்பது. சேர்ந்து கிடந்த பழைய குப்பையை, கடைக்காரர் சொன்ன 'காஷ்' என்கிறதைத் துடைத்தது, இருபத்திரண்டு. சிக்னல் நன்றாக வருகிற குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தது, இருபத்தாறு.

இருபத்தாறோடு நின்றது. எவ்வளவு தலைகீழாக நின்றும் இருபத்தேழாவது படத்தை அவர் காணவில்லை.

இருபத்தாறு படத்தையும் பாடமாக்கிவிட்டார். முதலாவது அவர்களுடைய கல்யாணப்படம், எண்பத்தெட்டாம் ஆண்டு எடுத்தது. கரவெட்டியில் அவள் தமையன் வீட்டில் தொங்கியதால் தப்பியது. அடுத்த படம் இரண்டாயிரத்துப் பத்து. இடையில் சண்டைக்காலம்; ஒன்றும் இல்லை. மகள் பிறந்தது, ஏடு தொடக்கினது, பெரிய பிள்ளையானது எல்லாம் எந்தப் பங்கர் மண்ணுக்குள் கிடக்கின்றனவோ. மிச்சம் எல்லாம் வீடு கட்டின படம், மாடு கன்று போட்ட படம், மகள் வெளிக்கிட்ட நாளின் படம். படங்களில் அவள் இருந்தாள். அவர் தேடியது குரலை. முதல் வருடம் அது காதுக்குள் கிடந்தது. இரண்டாவது வருடம் அவள் சொன்ன சொற்கள்தான் நினைவு வந்தன. சொன்ன சத்தம் வரவில்லை. வெறும் குசினிக்குள் நின்று, "சாப்பிட வாங்கோவன்" என்று அவள் எப்படி இழுப்பாள் என்று சொல்லிப் பார்ப்பார். தன்னுடைய குரல்தான் கேட்டது.

இந்தத் தேடலுக்குள்தான் ஊரார் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குச் சரிசெய்து கொடுத்தால் ஒன்பது பேர் வருகிற ஊர். பள்ளிக்கூடத்து ரீச்சர் யதுர்ஷிகா லப்டொப்பைக் கொண்டு வந்தாள். மார்க்ஸ் போடுகிற பக்கம் ஒவ்வொரு முறையும் விழுந்துவிடுகிறதாம். துணைச் சாமான்கள் ஒன்றும் சேராமல் திறக்கிற தனிச்சாளரம் ஒன்று அதில் இருக்கும், அதில் திறந்தார். விழவில்லை. அப்போது கம்ப்யூட்டரிலும் பிழை இல்லை, பக்கத்திலும் பிழை இல்லை, பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சாமான்களில் ஏதோ ஒன்றுதான் குழப்புகிறது. ஒட்டியிருந்த ஐந்தையும் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். மூன்றாவது, வீடியோ இறக்குகிற சாமான், கையும் களவுமாகப் பிடிபட்டது.

"அங்கிள், உங்களுக்கு என்னெண்டு இது பிடிபட்டது?"

"எந்த வாய்க்காலிலை உடைப்பெண்டு தெரியாட்டி எல்லாத்தையும் மூடுறது, ஒண்டொண்டாத் திறக்கிறது. இதிலை என்ன படிப்பு?"

அவள் எழும்பும்போது, "உங்களுக்கும் ஏதும் பாக்கக் கிடந்தால் இதிலை பாருங்கோ. பெரிய திரை" என்றாள். பரமலிங்கம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையில் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க அன்னபாக்கியத்தின் குரலைக் கேட்க அவரால் ஏலாது. ஆள் பார்க்க அழுது அவருக்குப் பழக்கமில்லை.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, கொண்டு போ" என்றார்.

இந்த வருடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஓ.எல். பரீட்சை முடிவு வந்த அன்று, மத்தியானம் திரும்பிய நேரம், இரண்டு வீடு தள்ளி இருக்கிற விமலேஸ்வரி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, இந்தக் கோதாரி விழுந்த போன் ரிசல்ட்டைக் காட்டமாட்டன் எண்டு நிக்குது. திறந்தால் உடனை வெள்ளையாப் போகுது."

"பாஸ் எண்டால் காட்டியிருக்கும். பெயில் எண்டால் அதுக்கும் வெக்கம்தானே."

"உங்கட வாயைத்தான் முதலிலை றீஸ்ராட் பண்ணவேணும். பிடியுங்கோ."

அவர் வாங்கிப் பார்த்தார். மேலே மூலையில், சின்னச் சதுரத்துக்குள் ஏழு என்று இருந்தது.

"இதென்ன ஏழு?"

"ஆருக்குத் தெரியும்? போன கிழமை மூண்டாய்க் கிடந்தது. வட்டிக்கு விட்ட மாதிரி வளருது."

"என்ரையிலை இலக்கம் இல்லையே. ரெண்டு புள்ளியும் ஒரு வளைவும் கிடக்குது. சிரிக்கிற மாதிரி."

"அப்ப உங்கட போன் சந்தோசமா இருக்குதாக்கும். குடுத்து வைச்ச போன்."

பரமலிங்கமும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். பக்கம் அழுதாலும் மேலே சிரிப்பு இருக்கிறபடியால் போனில் பெரிய வருத்தம் இல்லை என்பது அவருடைய எண்ணம். இப்போது அந்த ஏழை அழுத்தினார். ஏழு சின்னப் பக்கங்கள் அடுக்கடுக்காக வந்தன. ஒரு சினிமாக் கதை, குக்கரில் கேக் செய்கிற முறை, சேலை விற்கிற இடம், முடிவுப் பக்கமே நாலு தரம். எல்லாம் உள்ளே திறந்தபடி கிடந்தன. ஆறை மூடினார். மிஞ்சிய ஒன்று விழாமல் நின்றது. விமலேஸ்வரி மகனின் சுட்டிலக்கத்தைச் சொன்னாள்.

"கணக்குக்கு என்ன அண்ணை? கணக்கைச் சொல்லுங்கோ முதல்."

"எஸ்."

"எஸ் எண்டால் பாஸ்தானே? என்ர நாச்சியாரே!" போனைப் பறித்துக்கொண்டு அவள் போன வேகத்தில் செருப்பில் ஒன்று முற்றத்திலேயே கிடந்தது. அதை எடுக்கத் திரும்பியும் வரவில்லை.

பரமலிங்கம் உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். தன்னுடைய போனை எடுத்து அந்தச் சிரிப்பின்மேல் விரலை வைத்தார்.

அன்னபாக்கியம் வந்தாள். நீலச் சேலை. அவளுக்குக் கீழே அன்னபாக்கியம். அதற்கும் கீழே அன்னபாக்கியம். விரலால் தள்ளினார். தள்ளத் தள்ள அதே சேலை, அதே முகம், முடிவதாகத் தெரியவில்லை. மகள் அனுப்பிய இணைப்பை அவர் அழுத்திய ஒவ்வொரு நாளும் போன் புதிதாக ஒரு பக்கம் திறந்து, பழையதையும் விடாமல் வைத்திருந்திருக்கிறது. நூற்றுக்கு மேலே எண்ணத் தெரியாமல்தான் அது சிரித்துக்கொண்டிருந்தது. பரமலிங்கத்துக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. எல்லா வாய்க்காலையும் திறந்துவிட்டுக் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று குளக்கட்டில் நின்று பார்த்தவன் கதைதான்.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மூட ஒரு வழி இருந்தது. அதற்கான சொல்லும் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவருடைய விரல் அங்கே போகவில்லை. ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொட, அவள் ஒரு பக்கமாகச் சரிந்து போனாள். அடுத்தவள் மேலே வந்தாள். நாற்பது வரை எண்ணினார். பிறகு எண்ணவில்லை. சில நீலச் சேலையில் நின்றன, சில மாட்டின் படத்தில், ஒன்று குளக்கட்டில் நின்று இருபத்தாறு வரை போன அன்றையது. அதை மூடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. செத்தவீட்டில் முகம் பார்க்க வரிசையில் வருகிறவர்கள் ஒவ்வொருவராக நகர்வதுபோல அவளே அவளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள். வெயில் யன்னலை விட்டு இறங்கியபோது ஒன்றுமே மிஞ்சவில்லை. போனை நிப்பாட்டித் திரும்பப் போட்டார். இணைப்பை அழுத்தினார்.

பதினொன்று. இருபத்திரண்டு. இருபத்தாறு. இருபத்தேழாவதாக அவர் அறியாத ஒரு படம் வந்தது. வயல் வரம்பில் குந்தியிருந்து அவர் சோறு தின்கிறார். அவள் தூரத்தில் நின்று எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்க வேண்டும். முப்பத்துநாலில் படங்கள் முடிந்தன. பிறகு சனம் எழுதிய அஞ்சலிகள். அதற்கும் கீழே கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு முக்கோணம்.

அழுத்தினார்.

குசினி வாசல். போனை நாடிக்குக் கீழே பிடித்திருக்கிறாள். பாதி அவள், பாதி கூரை.

"...மாத்திரை போடுறன் பிள்ளை, போடாமலே? அப்பா நாலு மணிக்கே வயலுக்குப் போயிட்டு இப்பதான் வந்து கிணத்தடியிலை நிக்கிறார். நில், கூப்பிடுறன்." முகம் திரும்புகிறது. "இஞ்சேருங்கோ! பிள்ளை லைனிலை. ஒரு சொல்லுக் கதையுங்கோவன்."

தூரத்தில் ஒரு ஆம்பிளைக் குரல்: "கையெல்லாம் சேறு. நாளைக்குக் கதைக்கிறன் எண்டு சொல்லு."

அவள் திரும்பவும் திரைக்கு வந்து சிரித்தாள். "கேட்டியே? நாளைக்காம். இந்த மனிசன்ர நாளை எண்டைக்கு விடியுமோ."

அவ்வளவுதான். முதல் தரம் அந்த ஆம்பிளைக் குரல் யாருடையது என்று பரமலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தரம் பிடிபட்டது. அவளுடைய "இஞ்சேருங்கோ"வில் கடைசி எழுத்து மேலே ஏறும். அதை அவர் மறந்தே போயிருந்தார். அது கேட்பதற்காகவே மூன்றாம் தரமும் நாலாம் தரமும் போட்டார். யாரும் பக்கத்தில் இல்லை.

பிறகு, ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். தானாக மகளை எடுத்தார். அங்கே விடிந்து வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம்.

"என்னப்பா? என்ன நடந்தது? சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை. அம்மா கதைக்கிறதைப் பாத்தனான்."

"எப்ப?"

"இப்ப. இப்பதான் முதல் தரம்."

"அப்ப அண்டைக்கு ஓமோம் எண்டு சொன்னியள்?"

"பொய் சொன்னனான் பிள்ளை. பக்கம் திறபடேல்லை. நீ இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை..."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் என்ன நினைச்சன் தெரியுமே? உங்கட குரல் அதுக்கை கிடக்குது, அதாலை என்னோடை கோவம் எண்டு. அதுதான் நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை எண்டு. ரெண்டு தரம் அதை எடுத்துவிடப் பாத்தனான்."

"எடுத்துப்போடாதை."

"இல்லையப்பா, எடுக்கேல்லை."

அவள் பக்கம் கதவு பூட்டுகிற சத்தம், படி இறங்குகிற சத்தம், பிறகு வாகனங்கள்.

"பஸ் வருது. பிறகு எடுக்கட்டோ?"

"பஸ்ஸுக்குள்ளை கதைக்க ஏலாதே?"

"ஏலும்." அவள் குரலில் ஆச்சரியம் தெரிந்தது. "என்னப்பா கதைக்கப்போறியள்?"

பரமலிங்கம் யோசித்தார். சொந்த மகளிடம் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் அன்னபாக்கியம்தான் அறிந்து வைத்திருந்தாள்.

"காலமை என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.