வயலினுக்கு முன்னால் போய் நின்றேன்

மாசி மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று ஐம்பது. வெளியே மைனஸ் பதினான்கு. சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் மனிசன் சிரித்தார்.

"ஹங்கேரிக்காரற்ற ஆட்டத்துக்குப் பட்டுச் சீலையோ? உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். தேத்தண்ணியை நீங்களே போட்டுக் குடியுங்கோ."

உண்மையில் இலோனாவுக்காகத்தான் போனேன். புவாண்ட்-கிளேர் பண்டகசாலை ஒன்றில் ஒன்பது வருடமாக நானும் அவளும் ஒரே மேசையில் பெட்டி ஒட்டுகிறோம். கதைப்பது உடைந்த பிரெஞ்சில். அவள் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவளுடைய மனிசன் பேலா போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மாதம் ஒருமுறை மொன்றியலில் வாசிக்கும் கிராமத்து வயலின் கோஷ்டியில் அவரும் ஒருவர். அவர் போனபிறகு இவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. "நீ வந்தா நானும் வாறன்" என்றாள். மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா?

நாங்கள் இருக்கும் புறநகரான லவாலில் ஆரஞ்சு லைன் மெட்ரோ ஏறினோம். ஜோன்-தலோன் நிலையம் வரை இருபது நிமிடம். வழியெல்லாம் ஒரே கதைதான். அவர்கள் ஊரில் ஆளுக்கொரு பாட்டு உண்டாம். யாருக்கு எது என்று வயலின்காரருக்கு மனப்பாடமாம்.

"பேலாட பாட்டை வாசிக்க வேண்டாமெண்டு ஷாண்டோருக்குப் போனில சொல்லிட்டன். வாசிச்சா எழும்பிப் போயிடுவன். என்னால தாங்கேலாது." ஷாண்டோர்தான் முதல் வயலின்.

பேலாவும் ஷாண்டோரும் ரோமா இனத்தவர். அந்தக் கிராமங்களில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வாசிப்பது ரோமாக் குடும்பங்களின் பரம்பரைத் தொழில். இலோனாவோ காணி பூமி வைத்திருந்த ஹங்கேரியக் கமக்காரரின் மகள். அவள் கலியாணத்துக்குத் தகப்பன் வரவில்லை. எங்கள் ஊர் மேளக்காரரை நாங்கள் சாதி பார்த்து நடத்திய விதம் தெரிந்த எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பனியில் பத்து நிமிட நடை. நாலு நாற்பதுக்குத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் இருந்தோம். நுழைவு பத்து டொலர், முட்டைக்கோவா சூப் ஐந்து. கோஷ்டியில் மூன்றே பேர். ஷாண்டோருக்குப் பக்கத்தில் ஒருவர் ஆளுயரப் பாஸ் வயலினை வில்லால் இழுத்தார். பேலாவின் இடத்தில், வயலினைவிடச் சற்றுப் பெரிய மூன்று தந்தி வயோலாவோடு ஒரு பல் வைத்தியர். தந்தியைத் தாங்கும் குதிரை அதில் தட்டையாக இருப்பதால் வில் மூன்றிலும் ஒன்றாகப் படும். மெட்டை வாசிக்காது, சுருதியும் தாளமும் அதுவேதான். ஐயோ, என்ன சத்தம்! நெஞ்சுக்குள்ளே அதிர்ந்தது.

கோயில் திருவிழாவில் தவில் சமா சூடுபிடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? சனத்தை இடித்துக்கொண்டு தவில்காரருக்கு நேர் முன்னால் போய் நின்று கையைப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் செய்தேன்.

வாசிப்பு நின்றது. ஷாண்டோர் வில்லை இறக்கி, என் பக்கம் குனிந்தார். "சொல்லுங்கோ மடாம், உங்கட பாட்டு எது?"

கோஷ்டிக்கு முன்னால் வந்து நிற்பவர் தன் பாட்டைத் தானே பாடித் தொடங்க வேண்டுமாம். வயலின் பிறகுதான் சேருமாம். எனக்கு யார் சொன்னது? ஆடியவர்கள் எல்லோரும் நின்று என்னையே பார்த்தார்கள். வாய்க்குள் ஒரு தேவாரம்கூட வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

ஒரு கை என் கையைப் பிடித்தது. இலோனா.

"இவ என்ர ஆள். இவவுக்காக நான் பாடுறன்."

பாடினாள். இரண்டாவது சொல்லிலேயே குரல் உடைந்தது. ஷாண்டோரின் முகம் மாறியதைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது, அது பேலாவின் பாட்டு. அவர் வில்லைத் தூக்கவில்லை. வாசிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையாட்டினாள். வயலின் மெல்லச் சேர்ந்தது, பிறகு மற்ற இரண்டும். என் கையை விடாமல் கடைசிவரை பாடினாள். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

ஏழரைக்குத் திரும்பும் மெட்ரோ. என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னாலதான் இப்பிடி ஆச்சுது. உனக்கெண்டும் ஒரு பாட்டு இருக்குமே, அதைப் பாடியிருக்கலாமே?"

"அதைத்தான் பாட வந்தனான். வாயைத் திறக்க அவற்ற பாட்டுத்தான் வந்தது." மூக்கைத் துடைத்தாள். "அந்தப் பல் வைத்தியன் சரியான மெதுவா இழுக்கிறான். பேலாவுக்கு அது வேகமா வேணும். அடுத்த மாதம் போய்ச் சொல்லிக் குடுக்கோணும். நீயும் வா. ஆனா பேசாமல் கதிரையில இரு."