பித்தளைக் குமிழ்

ரேடியோ மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ஒரிஜினல்' என்றுதான் பெயர். கம்பெனிக்காரன் செய்ததில் அடுத்தவன் கை வைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தையல்காரம்மா தன் அப்பாவின் பழைய ரேடியோவைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். பித்தளைக் குமிழ்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டையைச் செதுக்கி மாட்டியிருந்தார் அந்த அப்பா. உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு.

"அப்படியே இருக்கட்டுமாண்ணே? அப்பா பார்த்துப் பார்த்துச் செஞ்சது," என்றாள் அவள்.

"பார்த்துச் செஞ்ச லட்சணமா இது? புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படியே தரேன்மா."

அந்தக் காலத்து செட். குமிழ் மாட்டும் உள்தகட்டிலேயே வீட்டு மின்சாரம் ஓடும். அது அவருக்குத் தெரியாததல்ல. கம்பெனிக்காரன் யோசிக்காமலா செய்திருப்பான் என்று டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கினார். பித்தளையைத் தேடிப்பிடித்து மாட்டினார்.

அவள் வீட்டுக் கூடத்தில் செட்டை வைத்து, கோடிச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பாட்டு கணீரென்று வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள்.

"ஆமா, உங்கப்பாவுக்கு ஏன்மா இந்த வேண்டாத வேலை?"

"அம்மா போனப்புறம்தாண்ணே மாத்தினாரு. ரேடியோ முன்னாடியே விழுந்து கெடந்தாங்களாம். மாரடைப்புன்னாங்க. அப்பா மட்டும் நம்பவே இல்ல."

மரக்கட்டையில் மின்சாரம் பாயாது, டிரான்ஸ்பார்மரும் அதைத் தடுக்கத்தான் என்பது ஒரிஜினலுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். சுவிட்ச் அந்தக் கோடியில் இருந்தது.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றபடி அவள் ஈரக் கையைக் குமிழை நோக்கி நீட்டினாள்.