ரக்ஷனாவின் இளகிய மனசு

கான்ட்ராக்டர் ரமணனின் மகள் ரக்ஷனாவுக்கு இளகிய மனசு. வேண்டுமானால் அவள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். இலக்கியப் பாடத்துக்கு வைத்திருக்கும் அந்தப் பழைய அமெரிக்க நாவலை அவள் அழாமல் புரட்டியதே இல்லை. அன்றும் தேக்காவில் டியூஷன் முடிந்து அப்பாவின் லாரியில் ஏறியவள், ஈசூன் போகும் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். கதையில் ஒருவன் பண்ணைக் கூலிகளை மாடுகளைப் போல லாரியில் அடைத்து, கொட்டும் மழையில் கொண்டுபோகிறான். காய்ச்சல் கண்ட குழந்தை ஒன்றும் அதில் கிடக்கிறது.

"இவனெல்லாம் மனுஷனாப்பா?"

"கதைதானே லா, விடு," என்று ரமணன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.

லாரியின் திறந்த பின்பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த அவருடைய கட்டட ஊழியர்களில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணே, முருகேசுக்குக் குளிர்ஜுரம் தூக்கித் தூக்கிப் போடுது. முன்னால கொஞ்சம் உக்கார வச்சுக்கங்கண்ணே!"

ரமணன் மகளைப் பார்த்தார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தட்ட வேணாம்னு சொல்லுங்கப்பா. இங்க அந்தக் குழந்தை சாகப்போகுது."