சாமியாத்தாளின் இடது கால்

மெல்பர்னில் தமிழ்க் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் மசாஜுக்குப் போன ஒரு அம்மாளைக் கழுத்தைத் திருகியே கொன்றுவிட்டார்களாம். அவளுடைய நாத்தனாரிடம் யாரோ சொன்னார்களாம்.

கழுத்து இல்லை, கால். செய்தவள் என் அக்கா பொற்கொடி. முந்தின நாளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வாங்க எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்கா கருமத்தம்பட்டியில் தறி ஓட்டியவள். அவள் கணவர், எங்கள் மாமா, இறந்த பிறகு பாலக்காட்டில் தங்கி மசாஜ் படித்து, பெண்களுக்கான நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். முதுகு பிடித்துக்கொண்ட டீச்சர்களும், நாளெல்லாம் நின்று கால் கடுத்த ஜவுளிக்கடைப் பெண்களும் வருவார்கள். கடைக்கு லைசென்ஸ் உண்டு. போலீஸ் வந்தால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். தொடுகிறவள் என்ன படித்தாள், யாரைத் தொடக்கூடாது என்று தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

"கோழிக் கடையில கூட கத்தியப் பாக்கறாங்க. என்ற கைய ஒருத்தரும் பாக்கல கண்ணு" என்று சிரிப்பாள்.

யாரையும் படுக்கவைக்கும் முன் அவளாகவே இரண்டு கால்களையும் பார்ப்பாள். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடமாட்டாள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும்.

மாமாவின் சின்னம்மா சாமியாத்தாள் பெங்களூர்க் கல்யாணம் முடிந்து பஸ்ஸில் வந்த கையோடு அக்காவின் நிலையத்துக்கு வந்தார். இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரியில காட்டிப்போட்டு வாங்க அத்தை. நான் தொடக்கூடாதுங்க."

"தறி ஓட்டுனவ டாக்டரம்மா ஆயிட்டயாக்கும். ஒறம்பரையா வந்தவள நாலு பேரு முன்னால எந்திரிச்சுப் போங்கறயே."

உறவென்று தேடி வந்தவரைத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் முகத்தில் அடிப்பது போல. மாமா வீட்டில் அக்காவை இன்னும் மருமகளாக நினைத்த ஒரே ஆள் அவர். அக்கா எண்ணெயை எடுத்தாள்.

"லேசாத்தான் தடவுனேன்" என்றாள் என்னிடம். பிறகு, "இல்ல கண்ணு. நல்லா அமுக்குன்னாங்க. அமுக்குனேன்."

படியிறங்கும்போதே சாமியாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி போகும் வழியில் ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

"பாதத்துக்குத்தான் எண்ணெ தேச்சேன், வீக்கத்தப் பாக்கலன்னு சொல்லீருங்க" என்று முதலாளி கிருபாசங்கர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காரியம் முடிந்ததும் சாமியாத்தாளின் மகன் தனபால் கூப்பிட்டிருக்கிறான்.

"ஏனுங்க அண்ணி, அம்மா காலு வீங்கியிருந்தத நீங்க பாத்தீங்களா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

இன்று அவளிடம் கெஞ்சினேன். "வக்கீலப் பாக்கற வரைக்கும் பேசாம இரு அக்கா. பாத்தேன்னு சொன்னா கேஸு."

"பாக்கலன்னு சொன்னா அவன் நம்பீருவான் கண்ணு. அதான் முடியல. அவிய ஊட்டுக்குத்தான் கிளம்பறேன். சொல்லிப்போட்டுக் கூப்படறேன்."

பஸ் எப்போதோ தனபாலின் ஊரான பெரியநாயக்கன்பாளையம் சேர்ந்திருக்கும். இந்நேரம் சொல்லியும் முடித்திருப்பாள். அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. தனபாலின் எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்திருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.