பலகையில் பெயர் இல்லை

தாயில்பட்டி பஸ்ஸுக்காக ஒரு தீப்பெட்டி கம்பெனி வாசலில் நிற்கிறேன். கிழக்கே வெடிச்சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்து வாசல் கரும்பலகையைப் பார்க்கிறாள். அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயரை முன்பு அதில் எழுதுவார்களாம். இப்போது வெறும் எண்கள்தான் இருக்கின்றன.

"அண்ணே, எம் மக இன்னைக்கு இங்கன வந்தாளா, இல்ல கிழக்க பட்டாசு கம்பெனிக்குப் போயிட்டாளா? போனையும் வீட்டுல வச்சிட்டுப் போயிட்டா."

"பேரு சொல்லக் கூடாது தாயி," என்கிறார் வாட்ச்மேன். "சரக்கு ஐரோப்பாவுக்குப் போகுதுல்ல. ஆளுக விவரத்த வெளிய விடக் கூடாதுன்னு அங்க சட்டமாம். மொதலாளி சொல்லிட்டாரு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெற்றவளிடம் மகளை மறைக்கச் சொல்லி எந்த நாட்டில் சட்டம் எழுதுவார்கள்? உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாமல் இருந்தால் முதலாளிக்குத்தான் வசதி.

அவள் வாசலோரம் குனிகிறாள். தீப்பொறிக்குப் பயந்து எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அந்தக் குவியலைக் கிளறி, வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு செருப்பை எடுக்கிறாள். "காலைல நாங் குத்திவிட்ட ஊக்கு. உள்ளதான் இருக்கா," என்கிறாள். அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

வாட்ச்மேன் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு ஒரு சாக்கை எடுத்துவந்து மிச்சச் செருப்புகளை மூடுகிறார்.